கேட்டோடு வழி முடிவதில்லை

சென்னை ஐ.ஐ.டி.க்கு முதல்முறை வருகிறவர்களுக்கு நாம் சொல்லும் வழி பெரும்பாலும் மெயின் கேட்டோடு நின்றுவிடுகிறது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் நான்காவது ஸ்டேஷன் கிண்டி. எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறினாலும் கிண்டிதான். அங்கிருந்து சர்தார் படேல் சாலையில் ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்தால் வாசல் வந்துவிடும். இதுவரை சுலபம்.

சிரமம் அதற்குப் பிறகுதான். வளாகம் 600 ஏக்கருக்கும் மேல். விடுதிகள் வெகுதூரம் உள்ளே. பிள்ளையைச் சேர்க்க வந்த வெளியூர்த் தகப்பனார் வாசலில் இறங்கி, பெட்டி படுக்கையோடு வெயிலில் நடக்கத் தொடங்கிவிடுவார். உள்ளே வளாகப் பேருந்து ஓடுவதை அவருக்கு யார் சொன்னார்கள்? வேளச்சேரி, தரமணிப் பக்க வாசல்கள் வேறு குழப்பும்.

மேப் லிங்க் அனுப்பினால் போதாது என்பது என் கருத்து. எந்த வாசல், உள்ளே எந்த பஸ், எங்கே இறங்குவது, இரவானால் யாருக்கு போன் செய்வது என்று நாலு வரி, அவரவர் மொழியில் எழுதி அழைப்புக் கடிதத்தோடு அனுப்பலாமே. நம்மிடம் யாராவது வழி கேட்டாலும் கேட்டைக் காட்டி நிறுத்தாமல், அந்த பஸ்ஸையும் சேர்த்துச் சொல்வோம். முதல் நாளே அலைக்கழிந்தவருக்கு நம் ஊர்மேல் வரும் கசப்பு லேசில் போகாது.