தொல்பொருட் படங்கள் வழி வரலாறு கற்பித்தல்: கோரிக்கை மனு

அனுப்புநர்: நடுநிலை வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியர் சங்கம்.
பெறுநர்: பள்ளிக் கல்வி, தொல்லியல், அருங்காட்சியகங்கள் ஆகிய துறைகளின் உயர் அலுவலர்கள்.
பொருள்: 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான வரலாற்றுப் பாடங்களில் தொல்பொருட் படங்களைச் சான்றாகப் பயன்படுத்த வகைசெய்தல் – தொடர்பாக.

மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கல நடன மங்கையின் உயரம் 10.5 செ.மீ. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அச்சிட்ட பக்கத்தில் இரண்டும் ஒரே அகலத்தில் நிற்கும்போது, ஆறாம் வகுப்பு மாணவர் நடன மங்கையை ஆளுயரச் சிலையாகவே மனத்தில் வாங்கிக்கொள்கிறார். மொகஞ்சதாரோவிலேயே கிடைத்த 'பூசாரி அரசர்' சிலையும் 17.5 செ.மீ.தான் என்றால் வகுப்பு நம்புவதில்லை. அகழாய்வுக் குழியில் படமெடுப்பவர் பொருளின் பக்கத்தில் அளவுகோலை வைத்தே எடுக்கிறார். பாடப் பக்கத்துக்கு வரும் வழியில் பெரும்பாலும் அது காணாமற் போய்விடுகிறது. ஆகவே சங்கத்தின் முதற் கோரிக்கை செலவில்லாதது: ஒவ்வொரு தொல்பொருட் படத்தின் ஓரத்திலும் அளவுகோல் இருக்க வேண்டும்.

அளவுக்கு அடுத்தது படவிளக்கம். 'சிந்துவெளி முத்திரை' என்ற இரண்டு சொல்லில் மாணவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. முத்திரை மாக்கல்லில் செதுக்கப்பட்டது. களிமண்ணில் அழுத்துவதற்கென்றே எழுத்துகள் இடவலம் மாறி வெட்டப்பட்டவை. படத்தில் இருப்பது முத்திரையா, அதன் பதிவா என்று குறிப்பிடாவிட்டால், அதைப் பார்த்து வரையும் மாணவர் எழுத்துகளைத் திருப்பி எழுதுவார்; ஆசிரியராலும் திருத்த முடியாது. பொருள் எதனால் ஆனது, எங்கே கிடைத்தது, இன்று எங்கே உள்ளது என்ற மூன்றும் ஒவ்வொரு படத்தின் கீழும் இடம்பெற வேண்டும்.

படம் சான்றாக வேலை செய்வதற்குப் புதுக்கோட்டைப் பகுதியின் ரோமானியப் பொற்காசுகளைக் காட்டிலும் நல்ல உதாரணம் தேடக் கடினம். 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றுள் பல இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. தமிழகத்தோடு ரோமானியர் வணிகம் செய்தனர் என்ற வரியை மாணவர் மனப்பாடம் செய்து மறுவாரம் மறந்துவிடலாம். அந்த வெட்டுக்காயத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினால் கேள்வி தானாகப் பிறக்கிறது: காசை வெட்டியது யார், எதற்காக? காசாகச் செல்லாதபடி ஆக்கி, தங்கமாக மட்டும் எடைபோட வெட்டினார்களா? அறிஞர்களிடமும் இதற்கு ஒரே விடை இல்லை. சான்றிலிருந்து ஊகத்துக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பன்னிரண்டு வயதில் பழக்கும் பாடம் இது. ஆனால் வெட்டுக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தபால்தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம் போதாது.

கீழடிப் பானை ஓடுகளும் அப்படியே. அவற்றில் கீறப்பட்ட 'ஆதன்' என்ற பெயரைப் படித்துக் காட்டுவது ஒரு நிமிட வேலை. நான்கைந்து ஓடுகளை அடுத்தடுத்து வைத்தால், எழுத்தின் சாய்வும் கீறலின் ஆழமும் ஒன்றுபோல் இல்லை என்பதையும், எழுதியவர் ஒருவரல்லர் பலர் என்பதையும் மாணவரே கண்டு சொல்வார். கல்வெட்டுக்கு வேறு தேவை உண்டு. உத்திரமேரூரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் வெட்டப்பட்ட சுவரைத் தூரத்திலிருந்து எடுத்தால் அது வெறும் சுவர்தான். ஒரு வரியின் மைப்படியும் அதன் இன்றைய எழுத்து வடிவமும் பக்கத்தில் வர வேண்டும்.

ஓவியரின் கற்பனையில் பிறந்த மன்னர் உருவங்களும் அகழ்ந்தெடுத்த பொருட்களும் ஒரே பக்கத்தில் வேறுபாடின்றி அச்சாவதைச் சங்கம் ஏற்கவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு வரையும் 'சோழர் காலப்' படங்களும் வாட்ஸ்அப் வழியே வகுப்பறைக்குள் வந்துவிட்டன. பழைய பித்தளை நிறம் பூசியிருந்தால் போதும், பெரியவர்களே ஏமாறுகிறார்கள். கற்பனைப் படம் எதுவாயினும் அதன்மேல் 'கற்பனை' என்று அச்சிடப்பட வேண்டும்.

நம்பத்தக்க படம் எளிதில் கிடைத்தால் ஆசிரியர் போலியைத் தேடிப் போகமாட்டார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் ஏறத்தாழ 3,75,000 படங்களைக் கட்டணமோ அனுமதியோ இன்றி எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அப்படித் திறந்துவிட இங்கும் பொருட்கள் உண்டு: 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் உள்ளன. 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பொருட்களும் உள்ளன. ஆதிச்சநல்லூரை அடுத்த ஸ்ரீவைகுண்டத்து மாணவர் ரீ எடுத்த அப்பொருட்களைப் பார்க்க ஏறத்தாழ 600 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். பாடத்தோடு தொடர்புள்ள பொருட்களின் உயர்தரப் படங்களை, காசானால் இருபுறமும், சிலையானால் பின்புறமும் சேர்த்து, தமிழ் விளக்கத்துடன் ஒரே தளத்தில் இலவசமாக வெளியிட வேண்டும். பாடநூலின் விரைவுக் குறியீடு நேரே அங்கே இட்டுச் செல்ல வேண்டும். இணையம் எட்டாத பள்ளிகளுக்கு அச்சிட்ட பட அட்டைகளும், பார்வைக் குறையுடைய மாணவர்களுக்குத் தொட்டறியும் மாற்றுருக்களும் தேவை.

இவ்வளவும் தேர்வில் எதிரொலிக்காவிட்டால் படம் மறுபடியும் அலங்காரமாகிவிடும். தொகுத்தறி மதிப்பீட்டின் ஒவ்வொரு வரலாற்று வினாத்தாளிலும் மாணவர் முன்பு பார்த்திராத ஒரு தொல்பொருட் படத்தைத் தந்து, கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதச் சொல்லும் வினா ஒன்று இடம்பெற வேண்டும். அவ்வினாவின் விடையை மதிப்பிடும் முறையைக் குறுவள மையப் பயிற்சிகளில் ஆசிரியர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அளவுகோலும் படவிளக்கமும் அடுத்த மறுஅச்சிலேயே சேர்க்கக்கூடியவை என்பதால், அவ்விரண்டின் மீதும் காலதாமதமின்றி ஆணை பிறப்பித்து, ஏனைய கோரிக்கைகளுக்குச் சங்கப் பிரதிநிதிகளைக் கலந்தாய்வுக்கு அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.