பவளத்திற்கு எத்தனை வாட் விளக்கு?

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன் எழுதுவது

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பிக் கடினப் பவளங்களை வளர்ப்பது இன்று மேலை நாடுகளில் பலருக்கு வீட்டுப் பொழுதுபோக்காகிவிட்டது. அந்தத் தொட்டிகளின் வண்ணப் படங்களைக் கைப்பேசியில் கண்டு மயங்கிய நண்பர்கள் நம் துறையிலும் உண்டு. துறையின் காட்சிக்கூடத்தில் அப்படி ஒன்றை அமைத்தால் என்ன என்று இந்த ஆண்டு ஒரு பேச்சும் எழுந்தது. பேச்சு எழுந்தவுடன் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட் விளக்குப் போட வேண்டும்?" என்பதே.

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் கணக்கு. பவளம் உண்ணும் ஒளியின் கணக்கன்று. பிள்ளைக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று கேட்காமல், அடுப்புக்கு எத்தனை விறகு வேண்டும் என்று கேட்பதைப் போன்றது இது. கேள்வியைத் திருத்திக்கொண்டால் விடை மட்டுமன்று, நாம் செய்ய வேண்டிய வேலையே மாறிவிடும் என்பது என் கருத்து. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

பவளம் செடியன்று, விலங்கு. குழியுடலி இனத்தைச் சேர்ந்தது என்று முதலாண்டிலேயே படித்துவிட்டோம். ஆயினும் அதன் வாழ்க்கை பாதிக்குமேல் உழவன் வாழ்க்கை. அதன் மெல்லிய திசுவிற்குள் சூசாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் என்ற கணக்கில்! பகலெல்லாம் அவை ஒளிச்சேர்க்கை செய்து, தாம் ஆக்கிய உணவில் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. நல்ல வெளிச்சத்தில் பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இந்த வாடகையிலேயே நிறைவேறுகிறது. இரவில் பற்றிழைகளை நீட்டி நுண்ணிய உயிர்களைப் பிடித்துத் தின்பதும் உண்டு. அது சோற்றுக்குத் தொடுகறி போல.

ஒளி வயிற்றுக்கு மட்டும் அன்று, எலும்புக்கும் வேண்டும். ஜமைக்காவில் ஆராய்ந்த தாமஸ் கொரோ, கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி, பவளம் இருளில் கட்டுவதைவிட வெளிச்சத்தில் மிக விரைவாகத் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகிறது என்று 1959இல் காட்டினார். பிற்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சராசரியாக மூன்று மடங்கு என்கின்றனர். கல்வீடு கட்டாத மென்பவளம் தாங்கிக்கொள்ளும் மங்கல் விளக்கின்கீழ், மான்கொம்புப் பவளம் வளராமல் நின்றுவிடுவது இதனால்தான்.

இந்தக் கலையின் தொடக்கத்தில் வெயில் நாடுகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பசிபிக் கடலில் நியூ கலிடோனியாத் தீவின் நூமேயா நகரில் ரெனே கத்தாலா 1956இல் திறந்த காட்சியகம், கடலிலிருந்து வரும் நீரையும் இயற்கை வெளிச்சத்தையும் கொண்டே பவளங்களை உயிரோடு வைத்திருந்தது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர் ஒட்டிய பாறைகள், காற்றுக் குமிழி, வெயில் இவற்றை மட்டும் கொண்டு தம் தொட்டிகளை நடத்துவதை 1961இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். அங்கே விளக்கு என்ற சிக்கலே எழவில்லை. குளிரும் மேகமும் சூழ்ந்த பெர்லின் போன்ற நகரங்களின் ஆர்வலர்களுக்குத்தான் சூரியனையே செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது. அவர்கள் 1980களில் உலோக ஹாலைடு விளக்குகளைத் தொட்டிமேல் தொங்கவிட்டு, அக்ரோபோராக் கிளைகளை வளர்த்து, முருங்கைப் போத்தை ஒடித்துக் கொடுப்பதுபோல் நண்பர்களுக்கு ஒடித்துக் கொடுத்தார்கள். பின்னர் டி-5 குழல் விளக்குகள் வந்தன. 2010க்குப் பின் எல்.இ.டி. விளக்குகள் மெல்ல மெல்ல அவற்றின் இடத்தைப் பிடித்தன.

சரி, இந்த ஒளியை எதனால் அளப்பது? நாம் இயற்பியல் ஆய்வகத்தில் காணும் லக்ஸ் அளவு மனிதக் கண்ணுக்காக ஏற்பட்டது. நம் கண் பச்சையைப் பெரிதாகவும் நீலத்தைச் சிறிதாகவும் மதிக்கிறது. பவளத்துப் பாசியோ நீலத்தை விரும்பி உண்கிறது. ஆகவே 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்று எண்ணுகிறார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதனைப் 'பார்' என்பர். (நம் முத்துக்குளிப்போர் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்று வழங்குவதற்கும் இதற்கும் உறவில்லை, ஆனாலும் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.)

வெப்பமண்டலத்து உச்சிவெயிலில் நீருக்கு மேலே இந்த அளவு ஏறத்தாழ 2000. தொட்டியில் வளர்ப்போர், சதைப்பற்றுள்ள பெரிய பாலிப்புப் பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும், அக்ரோபோரா போன்ற சிறு பாலிப்புப் பவளங்களுக்கு 200 முதல் 400 வரையும் கொடுக்கிறார்கள். இது விளக்கின் அடியில் அளப்பதன்று. பவளம் இருக்கும் இடத்தில், நீருக்குள் கருவியை இறக்கி அளப்பது. ஒரே விளக்கின்கீழ் மேல்பாறையில் 350 காட்டும் கருவி, தொட்டியின் அடியில் 100 காட்டினால் வியப்பதற்கில்லை. நிறமும் முக்கியம். சிவப்பொளியைக் கடல் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. நீலமே ஆழம் சேர்கிறது. பவளத் தொட்டிகளுக்கென 10,000 முதல் 20,000 கெல்வின் வரை நீலம் தோய்ந்த விளக்குகளைச் செய்வதன் காரணம் அழகு மட்டும் அன்று.

குறைந்தால் கேடு என்பது எளிதில் விளங்கும். ஒளி போதாத பவளம் பாசியைப் பெருக்கிக்கொண்டு பழுப்பேறும், வளர்ச்சி குன்றும். மிகுந்தாலும் கேடு என்பதுதான் பலருக்கு விளங்குவதில்லை. ஓரளவுக்குமேல் வரும் ஒளியைப் பாசியால் உணவாக்க முடியாது. எஞ்சிய ஆற்றல் தீங்கு செய்யும் ஆக்சிஜன் வடிவங்களாக மாறித் திசுவை வருத்துகிறது. பவளம் தன் குடித்தனக்காரனையே வெளியேற்றி வெளுத்துப்போகிறது. நீல எல்.இ.டி. நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று கூட்டிக்கொண்டே போனால், கண் தவறாகச் சொன்னதற்குப் பவளம் தண்டனை அனுபவிக்கும். புதிதாக வந்த பவளத்தைக் குறைந்த ஒளியில் வைத்து, வாரக் கணக்கில் மெல்லக் கூட்டுவதே முறை. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். இரவு இரவாகவே இருக்க வேண்டும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 250 வாட் ஹாலைடு விளக்கு இரண்டு, எட்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 4 யூனிட், மாதத்திற்கு 120. பவளம் விரும்பும் நீரின் வெப்பம் 25, 26 டிகிரி. நம் ஊர்ச் சித்திரையில் அறையே 35ஐத் தாண்டும். அதன்மேல் விளக்கின் சூடு வேறு. நீரைக் குளிர்விக்க இன்னொரு இயந்திரம் வேண்டும். மின்தடை வந்துவிட்டால்? தொட்டிக்குள் இருப்பது உயிர்.

இவையெல்லாம் கைகூடினாலும் நம் துறையில் பவளத் தொட்டி வேண்டாம் என்பதே என் கட்சி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கடினப் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அட்டவணை அது. கரையில் ஒதுங்கிய துண்டைக்கூட ஆசைக்கு எடுத்து வரலாகாது. "கண்ணால் கண்டால்தானே அன்பு பிறக்கும்?" என்று நண்பர் ஒருவர் வாதாடினார். வலுவான வாதம்தான், நூமேயாவில் கத்தாலா செய்தது அதுவே. ஆனால் அவர் கடல்நீரும் வெயிலும் வாயிலில் இருக்க, முழுநேரமும் அதற்கென்றே உழைத்தவர். தேர்வு விடுமுறையில் நாற்பது நாள் பூட்டிக் கிடக்கும் நம் காட்சிக்கூடத்தில் விளக்கை யார் பார்ப்பது?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விளக்கைப் பற்றி நாம் கற்ற இந்தக் கணக்கு முழுவதும் கடலுக்கும் பொருந்தும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அங்குள்ள பவளங்களுக்கு விளக்குச் செலவு இல்லை. ஆனால் அந்த விளக்கும் மங்குகிறது. கலங்கிய நீர் ஒவ்வொரு மீட்டரிலும் ஒளியைத் தின்கிறது. வளர்ப்புக்கெனக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவருகே பவளங்களின்மேல் பாய்போல் படர்ந்திருப்பதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அப்பாசியை வளர்த்துப் பிழைக்கும் கடற்கரைக் குடும்பங்களை நான் குறை கூறவில்லை. ஆனால் பாய்க்கு அடியில் இருக்கும் பவளத்திற்கு அது பட்டினி. இதற்கு மாறாக, 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியபோது, முன்பு உணவாக இருந்த அதே வெயில் தாங்க முடியாததாகி, வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. தொட்டியில் ஒரு விளக்கு பழுதானால் பதறும் ஆர்வம், இங்கே ஏன் வருவதில்லை?

ஆகவே தொட்டிக்குப் பதில் ஒரு தட்டு வாங்குவோம் என்கிறேன். 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளை இறக்கி, அவை கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். நீரின் தெளிவை அறிய இன்றும் அம்முறை கையாளப்படுகிறது. முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிய தகரத் தட்டு, வெள்ளை வண்ணம், அடியில் கட்ட ஈயக்குண்டு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிறு: இவ்வளவே கருவி. ஒரே துறையில், நண்பகலில், நிழல் பக்கமாக நின்று, மாதம் இருமுறை அளந்து ஏட்டில் குறிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எண்கள் எப்படி மாறுகின்றன என்பதை மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதி வைத்தால், நமக்குப் பின் வரும் வகுப்பினர்க்கு அது பயன்படும். பூங்கா எல்லைக்குள் செல்வதாயின் வனத்துறையின் அனுமதி வேண்டும். படகுத்துறையில் நின்று அளக்க மீன்பிடிப்போரின் சம்மதமே போதுமானது.

தட்டை வெட்டித் தர ஒரு பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். அளவெடுக்க ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஏடு ஒன்று மட்டும் துறையிலிருந்து வேண்டும்.