குழந்தையைத் திருடுபவள் பைத்தியமா?

'ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தையைத் தூக்கிய பெண்' என்று பேப்பரில் படித்ததும், "பைத்தியக்காரியா இருப்பா" என்று சொல்லிவிடுகிறோம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை, வாசகர்களே!

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குரூட் ஷூர் ஆஸ்பத்திரி. (1967-ல் டாக்டர் பர்னார்ட் உலகிலேயே முதன்முதலாக மனித இதயத்தை மாற்றி வைத்தாரே, அதே இடம்தான்.) 1997 ஏப்ரலில், பிறந்து மூன்றே நாளான பெண் சிசு, தாய் கண்ணயர்ந்த நேரத்தில் காணாமல் போனது. 2015-ல்தான் துப்பு கிடைத்தது. அதே ஊரில் வேறு பெயரில் வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் படித்த பள்ளியில் புதிதாக வந்து சேர்ந்த சிறுமி அச்சு அசல் அவளைப் போலவே இருக்க, டி.என்.ஏ. சோதனை நடந்தது. வந்தவள் கூடப்பிறந்த தங்கை! வளர்த்தவளுக்கு 2016-ல் பத்தாண்டு சிறை.

அவளுக்குக் கரு கலைந்திருந்தது. அதைக் கணவனிடம் சொல்லவில்லை. அவர் பாவம், கர்ப்பம் தொடர்கிறது என்றே நம்பியிருக்கிறார்.

இதைப் பொய்க்கர்ப்பம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். பொய்க்கர்ப்பத்தில் தூரம் நின்று, வயிறும் பெருத்து, அந்தப் பெண்ணே தன்னைக் கர்ப்பிணி என்று மனதார நம்புவாள். இங்கே அவளுக்கு உண்மை தெரியும். நாள் நெருங்க நெருங்க, காட்டுவதற்கு ஒரு குழந்தை வேண்டும். அவ்வளவுதான்.

லண்டன் ஹாலோவே பெண்கள் சிறையில் டார்பன் என்ற மனநல மருத்துவர் இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்து 1970-களில் எழுதினார். மனநோயால் தூக்கியவர்கள் உண்டு. கைநழுவும் ஆணைப் பிடித்து நிறுத்த, 'இது உன் பிள்ளை' என்று காட்டத் தூக்கியவர்களும் உண்டு.

தண்டனை கூடாது என்று நான் சொல்லவில்லை. பெற்றவள் பதினேழு வருஷத்துக்கு மேல் தவித்தாளே! ஆனால் கரு கலைந்ததைக் கணவனிடம்கூடச் சொல்ல முடியாத பயம் எங்கிருந்து வருகிறது? என்னிடம் வரும் பெண்களிலும் சிலர், "வீட்டுல சொல்லிடாதீங்க டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்காக அவர்களைச் சந்தேகப்படாதீர்கள். திருடப் போகிறவர் லட்சத்தில் ஒருவர்கூட இல்லை.

மாமியார்மார்களே, "என்னத்தைத் தின்னே, எங்கே விழுந்தே?" என்று விசாரணை வைக்காதீர்கள். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைபவை. பப்பாளிமேல் பழிபோட்டுப் பிரயோஜனமில்லை.

பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. வெள்ளை உடையில் வந்து, "எடை பார்க்கணும், குழந்தையைக் கொடுங்க" என்றால் கூச்சப்படாமல், "நானும் வர்றேன் சிஸ்டர்" என்று பாட்டி கூடவே கிளம்பட்டும். நிஜ நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.