யாரைப் பிடிக்கிறது இந்தச் சட்டம்?

இலங்கையில் ஓர் ஊர் எரிந்து அடங்கியதும் அதே கோரிக்கை எழும்: "சட்டத்தைக் கடுமையாக்குங்கள், வெறுப்புப் பேச்சு தானாக அடங்கிவிடும்." 2014இல் அளுத்கமவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்ட பிறகு கேட்டது. 2018இல் திகனவில் அதேபோல் நடந்த பிறகும் கேட்டது. இணையத்தில் தாக்கப்படுவோரைக் காக்கவே என்ற நியாயத்துடன் 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108க்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேறியது. பத்து வருடங்களாகச் சொல்லப்பட்டுவரும் இந்த வாதம் ஒவ்வொரு படியிலும் பிழையானது.

சட்டம் போதாது என்பது முதல் வாதம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்கான 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது ஐசிசிபிஆர் சட்டம், இருக்கிறதே. இன, மத வெறுப்பைத் தூண்டினால் பத்து வருடம் வரை கடூழியச் சிறை. பிணை வேண்டுமானால் மேல் நீதிமன்றம் போக வேண்டும், அதுவும் விசேட காரணம் இருந்தால்தான். இதைவிடக் கடுமை என்ன வேண்டும்? அளுத்கமவில் பௌத்த கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனாவின் கூட்டம் நடந்தபோது அந்தச் சட்டத்துக்கு ஏழு வயது. அதன் பொதுச் செயலாளர் ஞானசார தேரர் மேடையில் பேசினார். அதன் பின் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தப் பேச்சுக்காக இந்தச் சட்டத்தின் கீழ் அவர் தண்டிக்கப்படவில்லை.

எளியவர்களுக்கு இந்தச் சட்டம்தான் காப்பு என்பது இரண்டாவது வாதம். அப்படியானால் அது யார் மேல் பாய்ந்தது என்று பார்க்க வேண்டும்.

2019 மே 17. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹசலக்க பகுதியில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். அவர் உடுத்திருந்த ஆடையில் ஒரு சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அது பௌத்தர்களின் தர்மசக்கரம் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். மாலுமி பிடித்துத் திருப்பும் கைபிடிகள் வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதே சக்கரம். உற்றுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவிடவில்லை. ஐசிசிபிஆர் சட்டம் எடுக்கப்பட்டது, அந்தப் பெண் விளக்கமறியலுக்குப் போனார், ஜூன் 3ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. இதற்கு இடையில், மே 23ஆம் திகதி, நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு வருடத் தண்டனை பெற்றிருந்த ஞானசார தேரர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்.

அந்தப் பெண் மட்டும் அல்ல. அதே வருடம் ஏப்ரல் 1ஆம் திகதி சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தில் கைதானார். பிக்குகள் முறைப்பாடு செய்திருந்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2021இல் அவர் மேல் வழக்கே இல்லை என்று முடிந்தது. எழுதப்பட்ட சொல்லைத் தீவிரவாதமாகப் படித்த இன்னொரு கதை மன்னாருடையது. 'நவரசம்' கவிதை நூலுக்காகக் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மே மாதம் பிடித்தார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அந்த நூலிலேயே இருந்தன. நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில்.

கதை எழுதியவர், கவிதை எழுதியவர், ஆடை உடுத்தியவர். மூவருக்கும் பின்னால் கூட்டம் இல்லை, கட்சி இல்லை. சொல்லின் பொருளை முதலில் முடிவுசெய்பவர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதுபவர்தான். முறைப்பாட்டோடு ஒரு கும்பலும் வாசலில் நின்றால் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது தெரிந்ததே.

சமூக ஊடக நிறுவனங்களே தடுக்கட்டும் என்பது மூன்றாவது வாதம். முஸ்லிம்களைக் குழந்தை உட்படக் கொல்லச் சொன்ன ஒரு சிங்களப் பதிவைப் பற்றி 2018இல் முறையிட்டபோது, அது விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக் பதில் அனுப்பியது. சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே போதிய அளவில் இருக்கவில்லை. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020இல்.

அப்படியானால் கொலைக்கு அழைப்பவனை விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். வன்முறைக்குத் தூண்டுவதும் தீ வைப்பதும் ஐசிசிபிஆர் சட்டம் வருவதற்கு முன்பே தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். அவற்றுக்கு வழக்குத் தொடர ஒரு தைரியமான பொலிஸ் அதிகாரி போதும்.

ஞானசார தேரர் 2016இல் இஸ்லாத்தைப் பழித்துப் பேசியதற்குத் தண்டனை கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, 2024இல். இடைப்பட்ட காலத்தில், 2021 ஒக்டோபரில், 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்ற ஜனாதிபதி செயலணிக்கு அவரையே தலைவராக நியமித்தார் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச.