நல்ல பக்கம் எது?



ஷட்டில் என்ற சிறு நூல்கட்டையால் முடிச்சுப் போட்டு லேஸ் பின்னும் டாட்டிங்கில் டாய்லி (மேசையில் விரிக்கும் சிறு லேஸ் விரிப்பு) போடுகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "எண்ணி எண்ணித்தான் போட்டேன், ஆனாலும் படத்தில் இருப்பதுபோல ஏன் வரவில்லை?" எண்ணிக்கை சரியாகவே இருக்கும். போன திசையைத்தான் பார்க்க வேண்டும்.

டாட்டிங்குக்கு ஒரே முடிச்சு, அதற்கு இரண்டு பாதி. ஷட்டில் நூலால் போடும் முடிச்சு, இழுத்ததும் இடக்கை நூலுக்கு மாறிவிட வேண்டும். மாறாவிட்டால் முடிச்சு நகராது, வளையமும் மூடாது. ஆளைப் பாதியில் கைவிட வைப்பது இந்த இடம்தான். ஷட்டிலில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம் என்று வைத்துப் பழகுங்கள். முடிச்சு மாறியதா என்று கண்ணே சொல்லிவிடும்.

இந்த முடிச்சுக்கு நல்ல பக்கமும் பின்பக்கமும் உண்டு. பிகாட் என்ற சிறு கண்ணி கிளம்பும் இடத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒரு வளையம் முடித்து, வேலையைத் திருப்பி, வளையங்களை இணைக்கும் வளைவான செயின் போடுகிறோம். மறுபடி திருப்பி அடுத்த வளையம். ஆகவே வளையங்கள் நல்ல பக்கம் காட்டும்போது செயின்கள் பின்பக்கம் காட்டும். கைக்குட்டை ஓரத்தில் இது உறுத்தாது. மேசைமேல் ஒரு பக்கம் மட்டும் தெரிய விரித்துவைக்கும் டாய்லியில் உறுத்தும். பின்பக்கம் நம்மைப் பார்க்கும்போது முடிச்சின் இரண்டாம் பாதியை முதலில் போட்டு, முதல் பாதியை அடுத்துப் போட்டால் எல்லாம் ஒரே முகமாகிவிடும். கூடுதல் வேலைதான், ஆனால் செய்ய வேண்டிய வேலை.

திசையும் இதையொட்டியே அமைகிறது. வலக்கைக்காரர் நல்ல பக்கத்தைப் பார்த்து வெளிச் செயினைப் போட்டால் சுற்று கடிகார முள் போகிற வழியில் போகும். பின்பக்கத்தைப் பார்த்துப் போட்டால், நல்ல பக்கத்திலிருந்து பார்க்க எதிர்வழி.

சுற்றின் கடைசி இணைப்பு கைதேர்ந்தவர்களையும் நிறுத்தி யோசிக்க வைக்கும். அதுவரை இடப்பக்கம் இருந்த பிகாட்டோடு இணைத்து வந்தோம்; முதல் வளையமோ வலப்பக்கம் நிற்கிறது. அப்படியே இழுத்து இணைத்தால் பிகாட் முறுக்கிக்கொள்ளும். டாய்லியை மடித்து, முதல் வளையத்தின் பின்பக்கம் மேலே வரச் செய்து, பிகாட்டைக் குரோஷா ஊசியில் மாட்டித் திருப்பி இணையுங்கள். விரித்துப் பார்த்தால் எந்த வளையத்தில் தொடங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்த சுற்றுக்குப் போகுமுன் தரையில் விரித்துப் பாருங்கள். ஓரம் நெளிந்தால் செயினில் முடிச்சு அதிகம். நடுவில் குழிந்தால் குறைவு.

தெரேஸ் த தில்மோன் 1886-இல் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியத்தில் டாட்டிங்குக்குத் தனி அத்தியாயமே உண்டு. அந்தக் கை வேலை இன்றும் நம் வீடுகளில் தொடர வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஷட்டிலைக் கையில் எடுக்குமுன் எது நல்ல பக்கம் என்று தீர்மானித்துவிடுங்கள். கொஞ்சம் தடித்த நூலில் ஒரு சிறு சுற்றைப் போட்டுப் பார்த்து, எப்படி வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்