டெலோரியன்: பழி யார் மேல்?

டெலோரியன் டிஎம்சி-12 என்றதும் எல்லோருக்கும் 1985-ல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படம் ஞாபகம் வரும். பறவை சிறகு விரிப்பது போல மேலே திறக்கும் கதவுகள், பெயின்ட்டே அடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு. கூடவே ஒரு நக்கலும் வரும்: கார் செய்தே பழக்கமில்லாத பெல்ஃபாஸ்ட்காரர்களிடம் கொடுத்தால் வேறென்ன ஆகும்? இந்த நக்கல்தான் அநியாயம்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் விற்றதற்கு 130 குதிரைத்திறன்தான். அதே 1981-ல் பல ஆயிரம் டாலர் குறைந்த விலைக்குக் கிடைத்த கார்வெட்டுக்கு 190! எடையில் 65 சதவீதம் பின்சக்கரங்கள் மேல். 12,000 டாலருக்குத் தருவதாக நினைத்துப் பெயரிலேயே 12 போட்டார்கள். வந்ததோ 25,000 டாலருக்கு. கண்ணாடியைக் கையளவுதான் இறக்க முடியும். ஸ்டீலில் விரல்ரேகை அப்படியே பதியும். படத்தில் காலப்பயணத்துக்கு 88 மைல் வேகம் வேண்டும்; காரின் வேகமானியோ 85-லேயே முடிந்துவிடும்!

இதில் எது தொழிலாளி செய்த தப்பு? எஞ்சின் பியூஜோ, ரெனோ, வால்வோ மூன்றும் கூட்டாகச் செய்தது. வடிவம் இத்தாலியின் ஜுஜாரோ. சேஸியை மாற்றியமைத்தது இங்கிலாந்தின் லோட்டஸ். விலையை வைத்தது ஜான் டெலோரியன். பெல்ஃபாஸ்டை ஒட்டிய டன்மரியில் இருந்தவர்கள் கொடுத்ததைப் பூட்டியவர்கள்.

ஆரம்பத்தில் வந்த கார்களில் பூட்டிய குறைகளும் இருந்தன, உண்மைதான். அமெரிக்காவில் இறக்கிச் சரிசெய்துதான் விற்றார்கள். ஆனால் வெறும் நிலத்தில் 1978-ல் வேலை தொடங்கி 1981 ஜனவரியில் கார் வெளிவந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தியது யார்?

அந்தத் தொழிற்சாலையின் ஒரு பக்கம் கத்தோலிக்கக் குடியிருப்பு, மறுபக்கம் புராட்டஸ்டன்ட் குடியிருப்பு. 1981-ல் சிறை உண்ணாவிரதத்தில் பாபி சாண்ட்ஸ் இறந்து ஊரே எரிந்தபோதும் இரு தரப்பாரும் உள்ளே சேர்ந்து வேலை பார்த்தார்கள். வேலையில்லாத ஊரில் சுமார் 2,500 பேருக்குச் சோறு போட்ட இடம் அது. விற்பனையைப் பார்க்காமல் உற்பத்தியைக் கூட்டினார் முதலாளி. 1982 பிப்ரவரியில் கம்பெனி ரிசீவர் கைக்குப் போனது, அந்த வருடத்தோடு கதை முடிந்தது. பிரிட்டிஷ் அரசு கொட்டிய சுமார் 8 கோடி பவுண்டும் போச்சு. போதைமருந்து வழக்கில் கைதான டெலோரியன் 1984-ல் விடுதலையானார். கம்பெனிப் பணம் காணாமல் போன விவகாரத்தில் லோட்டஸ் அதிகாரி ஃப்ரெட் புஷெல் 1992-ல் ஜெயிலுக்குப் போனார். தொழிலாளிக்கு மிஞ்சியது கெட்ட பெயர்.

படத்தால்தான் கார் பிழைத்தது என்பதும் பாதி உண்மையே. செய்தவை சுமார் 9,000. அவற்றில் பல ஆயிரம் இன்றும் ஓடுகின்றன. நாற்பது வருடம் கழித்தும் கதவு மேலே எழும்பும்போது தெருவே நின்று பார்க்கிறது. சினிமா ஆசையை மட்டும்தான் கிளப்பும், காரை ஓட வைக்காது. முதல்முறையாகக் கார் பூட்டிய கைகளின் வேலை அது. குறையைச் சொல்லும்போது பெல்ஃபாஸ்டை இழுப்பவர்கள், அழகைப் புகழும்போது மட்டும் அந்த ஊரை மறந்துவிடுவது என்ன நியாயம்?