கடினத்தன்மையும் ஒற்றை எண்ணும்

எஃகுக் குண்டொன்றை உலோகத்தின்மீது அழுத்தி, அதனால் விழும் குழியின் அகலத்தைக் கொண்டு கடினத்தன்மையைக் கணிக்கும் முறையை ஸ்வீடன் நாட்டுப் பொறியியலாரான பிரினெல் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முறை இன்று பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் நிலைபெற்றிருக்கிறது. ஆயினும், அதில் கிடைக்கும் எண்ணை உலோகத்தின் பிறவிக்குணம்போல் மாணவர்க்குக் கற்பிப்பது பொருத்தமன்று. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றுகிறது என்பதையும் உடன் கூறவேண்டும்.

செம்புப் பாத்திரம் செய்யும் கன்னாருக்கு இவ்வுண்மை புதிதன்று. தட்டத் தட்டத் தகடு இறுகும். அளவு கடந்தால் வெடிக்கும். ஆகவே இடையிடையே நெருப்பிற் காய்ச்சி இளக்குவர். உருமாறுந்தோறும் உலோகம் இறுகும் இவ்வியல்பு, குண்டின் அடியிலும் நிகழ்கிறது. குழி பெரிதாகுந்தோறும் உலோகம் முன்னிலும் மிகுதியாக எதிர்க்கிறது.

ஜெர்மானியரான மேயர் 1908-இல் இதற்குக் கணக்கு வகுத்தார். ஏற்கெனவே நன்கு இறுகிய செம்பில், குழியின் அகலம் இருமடங்காகப் பளு ஏறத்தாழ 4 மடங்கு வேண்டும். காய்ச்சி இளக்கிய செம்பிலோ ஏறத்தாழ 5½ மடங்கு வேண்டும். விளிம்பும் வேறுபடும். இறுகிய உலோகம் குழியைச் சுற்றி மேடாகப் பிதுங்கும். இளகியதில் குண்டையடுத்த பகுதி முதலில் இறுகிவிடுவதால், உருமாற்றம் அப்பால் பரவி, விளிம்பு தாழும்.

இதன் பயனை மும்பை நகரைக் கொண்டே விளக்கலாம். தாராவியில் பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்கின்றனர். உருளைகளுக்கிடையே குளிர்நிலையில் நசுக்கப்பட்ட தகடு பெற்ற இறுக்கம், உருக்கியதும் அழிந்துவிடும். ஆதலால் தகட்டின் கடினத்தை மட்டும் கண்டு அதன் கலவையைத் தீர்மானிப்பவர் ஏமாறுவர்.

மாதுங்கா ரயில்வேப் பட்டறையில் பெட்டிகள் பழுது பார்க்கப்படுகின்றன. அவற்றின் சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் கட்டைவிரல் நகத்தளவே. அங்கே அழுத்துவதும் எஃகு, அழுந்துவதும் எஃகு, இரண்டும் உருமாறும். ஓடியோடி இறுகிய மேற்பரப்பின் உயர்ந்த எண், உள்ளிருக்கும் எஃகின் நிலையைக் காட்டாது. மேலும் இறுக இடமில்லாதபோது வெடிப்புத் தோன்றக்கூடும்.

செம்பூரை அடுத்த டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வியல்பையே கருவியாக்கினர். கனநீர் உலையின் அழுத்தக்குழாயை வெட்டியெடுக்காமலே அதன் வலிமையை மதிப்பிட, ஒரே இடத்தில் குண்டைப் பலமுறை அழுத்தித் தளர்த்தும் அமைப்பை உருவாக்கினர். ஒற்றை அளவு சொல்லாததைத் தொடர்ந்த அளவுகள் சொல்லுகின்றன.

அன்றாடச் சோதனைக்கு ஓர் எண்ணே போதும் என்பாரும் உளர். ஒரே உலோகத்தை, ஒரே நிலையில், ஒரே பளுவில் ஒப்பிடுங்கால் அது சரியே. நிலை மாறிய பொருள்களுக்கு அவ்வெண் வழிகாட்டாது. ஆகவே களப்பணியாளர் எண்ணுடன் குண்டின் விட்டம், பளு, உலோகத்தின் முன்னிலை ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. தடித்த செம்புத் துண்டுகள் இரண்டில் ஒன்றைக் காய்ச்சி ஆறவிட்டு, மற்றதைச் சுத்தியலால் நன்கு தட்டி, இரண்டின் முகத்தையும் தேய்த்து மட்டமாக்குக. நடுவே தாங்கியிலிருந்து எடுத்த எஃகுக் குண்டை வைத்துப் பட்டறைப் பிடிப்பானில் நெருக்கினால், இரண்டின்மீதும் விழும் விசை ஒன்றே. குழிகளின் அகலங்களைப் பூதக்கண்ணாடியால் அளந்தபின், புதிய இடத்தில் முன்னிலும் பன்மடங்கு விசையோடு நெருக்குக. இரண்டு அகலங்களின் விகிதம் குறைந்து வருவதை மாணவர் தாமே காண்பர். கடினத்தன்மை ஓர் எண் அன்று, ஒரு நிகழ்ச்சி என்பதை அக்குழிகளே கற்பிக்கும்.